ரேம் மாற்றப் போய் 6,500 ரூபாய் போச்சு, பார்த்து இருங்கள்

கல்யாண ஃபிளெக்ஸும் பத்திரிகை டிசைனும்தான் எனக்குச் சோறு. முகூர்த்த நெருக்கடியில், பத்துக்கு எட்டு பேனரை சேவ் கொடுக்கும்போதெல்லாம் போட்டோஷாப் படுத்துக்கொண்டது. ஒரு தடவை 'ரேம் போதவில்லை' என்றது, ஒரு தடவை 'ஸ்கிராட்ச் டிஸ்க் ஃபுல்' என்றது, அதாவது போட்டோஷாப் தற்காலிகமாக எழுதிவைக்கும் டிஸ்க்கில் இடமில்லை என்று. என் கண்ணில் பட்டது ரேம் மட்டும்தான்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சர்வீஸ் கடை ஒன்றுக்குத் தூக்கிப் போனேன். பெயர் வேண்டாம். அங்கிருந்த தம்பி ரேமைக் கழற்றி, ஊதி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரால் அதன் தங்க நிறக் கால்களை அவ்வளவு பதமாகத் தேய்த்தான். அதிலேயே நம்பிவிட்டேன். "அண்ணே, இது போயிருச்சு. 16 ஜிபி போட்டாத்தான் தாங்கும். பழசை எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கறேன்." மானிட்டர் அவன் பக்கம் திரும்பியிருந்தது. துண்டுச்சீட்டில் 'ரேம் சர்வீஸ் 6,500' என்று கிறுக்கிக் கொடுத்தான்.

ராத்திரி 11 மணிக்கு மறுபடி கிராஷ். டாஸ்க் மேனேஜரில் மெமரியைப் பார்த்தால் 8 ஜிபி! கழற்றி '16' ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன், அடியில் இன்னொரு ஸ்டிக்கர், 8 ஜிபி. என் 8 ஜிபியையும் கொடுத்து, 6,500 ரூபாயும் கொடுத்து, யாரோ கழித்துக்கட்டிய 8 ஜிபியை வாங்கி வந்திருக்கிறேன்.

காலையில் கேட்டால், "விண்டோஸ் அப்படித்தான் காட்டும்ணே." மதியம், "ஓனர் கோயிலுக்குப் போயிருக்கார்." சாயங்காலம் போனே எடுக்கவில்லை. நேரில் போனேன். "நீங்களே கழட்டிட்டீங்க, வாரண்டி போச்சு." 6,500 ரூபாய்க்கு இதுதான் பதில்!

நண்பர் ஒருவர் போனிலேயே பத்து நிமிடத்தில் சரிசெய்தார். சி டிரைவில் இரண்டு ஜிபிகூட மிச்சமில்லை. போட்டோஷாப் திறக்கும்போது கன்ட்ரோலும் ஆல்ட்டும் அழுத்திப் பிடித்து, ஸ்கிராட்ச் டிஸ்க்கை டி டிரைவுக்கு மாற்றச் சொன்னார். பழைய டெம்ப் ஃபைல்களையும் அழித்தேன். அதே 8 ஜிபியில் பேனர் சேவ் ஆகிவிட்டது. வயிறு எரிகிறது.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பிரிண்டிங்காரர் போன் மேல் போன். சுருக்கமாக: முதலில் சி டிரைவில் இடம் இருக்கிறதா பாருங்கள். ரேம் மாற்றினால் கடையிலேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பழைய ரேமை விட்டுவிட்டு வராதீர்கள். சீரியல் எண்ணோடு பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள்.

நாளைக் காலை கடை திறக்கும்போதே அந்தத் துண்டுச்சீட்டோடு போய் நிற்கிறேன்.