டூரிங் ஆர்சி கார்: ஆறு வருடம் ஓட்டியதில் தெரிந்தது

1/10 அளவு மின்சார டூரிங் காரில், அதாவது நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் ரிமோட் காரில், ஆறு வருடமாகப் பந்தயம் ஓட்டுகிறேன். இப்போது கையில் இருப்பது மூன்றாவது கார். "நானும் ஒன்று வாங்கலாமா?" என்று யாராவது கேட்டால், ஓட்டுவது பிடிக்குமா, கழற்றி மாட்டுவது பிடிக்குமா என்று திருப்பிக் கேட்பேன். பந்தயம் வெறும் 5 நிமிடம்தான். அந்த ஐந்து நிமிடத்துக்காக ஒரு மாலை முழுக்க ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். அது தொல்லையாகத் தெரிந்தால் இந்தக் கார் உங்களுக்கு வேண்டாம்.

முதலில் வாங்கியது டாமியா டிடி-02. பிளாஸ்டிக் தொட்டி மாதிரி சேஸிஸ் (அடிச்சட்டம்), நடுவில் ஒரு ஷாஃப்ட், நான்கு சக்கரமும் இழுக்கும். எத்தனை முறை இடித்தாலும் துடைத்துவிட்டு ஓட்டலாம். ஓட்டப் பழகியது அதில்தான். கார் நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும் என்பது மண்டையில் ஏறவே எனக்கு ஒரு மாதம் ஆனது. அப்புறம் ஆசை வந்து, இரண்டு பெல்ட் வைத்த கார்பன் சேஸிஸுக்கு மாறினேன். பந்தயத்துக்கான கிட் பெரும்பாலும் சேஸிஸோடு சரி. மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலர், முன்சக்கரத்தைத் திருப்பும் சர்வோ, பேட்டரி, ரிமோட், டயர், பாடி எல்லாம் தனியாக வாங்க வேண்டும். பெட்டி மேலிருக்கும் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டவன் நான்.

அதுகூடப் பரவாயில்லை, ஒருமுறைச் செலவு. உண்மையில் பணத்தைத் தின்பது டயர். ரப்பர் டயர் பார்க்கப் புதிதாகவே இருக்கும், ஆனால் பத்துப் பன்னிரண்டு ஓட்டத்துக்குப் பிறகு பிடிப்பு குறைந்துவிடும். ஒரு லேப் (ட்ராக்கில் ஒரு சுற்று) எடுக்கும் நேரத்தைப் பார்த்தால்தான் அது தெரியும். பழைய செட்டைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, புதியதைப் பந்தயத்துக்கு மட்டும் எடுக்கிறேன். பாடி அடுத்த செலவு. மெல்லிய பாலிகார்பனேட்டில் உள்பக்கமாகப் பெயின்ட் அடித்து, சக்கர வளைவு வெட்டி, ஒரு நாள் முழுக்க உழைத்தது முதல் திருப்பத்திலேயே கிழிந்த கதையும் உண்டு. இப்போதெல்லாம் ஒரே நிறம்தான் அடிக்கிறேன்.

கார் தரையிலிருந்து 5 மில்லிமீட்டர் உயரத்தில் ஓடுகிறது. தெருவில் விட்டால் சின்னக் கல்லே போதும், சேஸிஸ் கீறிவிடும், பெல்ட்டில் சிக்கினால் பல் போய்விடும். ஆக, வழவழப்பான தார் ட்ராக்கோ கார்பெட்டோ பக்கத்தில் இருந்தால்தான் இதற்கு வாழ்வு.

என்னை அதிகம் அலைக்கழித்தது வேறு ஒன்று. இரண்டாவது கார் திடீரென்று இடப்பக்கம் நன்றாகத் திரும்பும், வலப்பக்கம் திரும்பினால் பின்பக்கம் வழுக்கும். ஸ்ப்ரிங் மாற்றினேன், ஷாக் ஆயில் மாற்றினேன், கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, கால் கால் டிகிரியாக நகர்த்தினேன், உலக சாம்பியன் ஒருவரின் செட்டப் தாளை அப்படியே காப்பியடித்தேன். இரண்டு மாதம் போனது. கடைசியில் பக்கத்து மேஜைப் பெரியவர் ஒருவர், சமமான பலகை மேல் காரை வைத்து, முன்பக்க நடுவில் கத்தி முனையைக் கொடுத்துத் தூக்கினார். ஒரு சக்கரம் முதலில் எழும்பியது, மற்றது தாமதமாக. சுவரில் இடித்ததில் சேஸிஸ் முறுக்கிக்கொண்டிருந்தது. மேல் தட்டின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, காரைப் பலகையில் அழுத்தி, மறுபடி முடுக்கினார். அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு இடிக்குப் பிறகும் முதல் வேலை கத்தி.

பேட்டரி விஷயத்தில் தப்பு முழுக்க என்னுடையது. 2எஸ் லிப்போவை (இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி) முழு சார்ஜில், அதாவது செல்லுக்கு 4.2 வோல்ட்டில், ஒரு மாதம் மறந்து வைத்துவிட்டேன். உப்பிப்போய், சேஸிஸின் இடத்துக்குள் நுழையவே மறுத்தது. ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும், சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். இதில் சோம்பேறித்தனம் பார்த்தால் தீ வரை போகும்.

இவ்வளவு புலம்பியும் ஏன் விடவில்லை? 17.5 சுற்று (மோட்டாருக்குள் கம்பி சுற்றிய எண்ணிக்கை) மோட்டார் பிரிவில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வேகம்தான். ஸ்பீடு கன்ட்ரோலரில் வேகத்தைக் கூட்டும் டைமிங் சேர்க்கக் கூடாது, சேர்க்கவில்லை என்பதற்குச் சாட்சியாக அதன் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். அப்புறம் கையும் செட்டப்பும்தான் பேச வேண்டும். காரில் இருக்கும் நேரம் பதியும் கருவியான டிரான்ஸ்பாண்டர் ஒவ்வொரு லேப்பையும் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டிவிடுவதால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளவும் முடியாது. முதல் வருடம் என் வேகமான லேப்புக்கும் மோசமான லேப்புக்கும் மூன்று நொடி வித்தியாசம். இப்போது அரை நொடிக்குள் வந்திருக்கிறேன். பந்தயம் முடிந்ததும் ட்ராக்கில் மார்ஷலாக நின்று, கவிழ்ந்த கார்களை நிமிர்த்த வேண்டும். சற்றுமுன் என்னை இடித்தவரின் காரையும்தான்! அப்படி நிமிர்த்தியதில் கிடைத்த நண்பர்கள் நாலைந்து பேர்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், உங்கள் ட்ராக்கில் அதிகம் பேர் ஓட்டும் மாடலையே வாங்குங்கள். சஸ்பென்ஷன் ஆர்ம் உடைந்த மதியம், உதிரிபாகம் இருப்பது பக்கத்து மேஜைப் பெட்டியில்தான். என் முதல் பெல்ட் கார் யாரிடமும் இல்லாத ஒன்று. புது மாடல் வந்ததும் அதற்குப் பாகம் கிடைக்காமல் போனது. விற்கவும் முடியவில்லை. அதன் சர்வோவும் பாதி ஸ்க்ரூக்களும் இப்போதைய காரில் ஓடிக்கொண்டிருக்கின்றன.