முடிவில்லாத நிலுவையும் தன்னார்வத் தொகுப்பாளரும்: எந்த முறை நீண்ட நாள் தாங்கும்?

விக்கிப்பீடியா போன்ற திறந்த திட்டங்களில் ஒரு கட்டுரையின் தலைப்பகுதியில் ‘உரை திருத்தம் தேவை’ என்ற வார்ப்புருவை (ஆயத்தமான அறிவிப்புப் பெட்டியை) இடுவதற்குச் சில நொடிகள் போதும். அதே வார்ப்புருவை மனசாட்சியோடு நீக்குவதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேவைப்படலாம். இந்த ஏற்றத்தாழ்வு இருக்கும் வரை, திருத்தப்படாமல் தேங்கும் கட்டுரைகளின் நிலுவை வளர்ந்துகொண்டுதான் இருக்கும். வந்து சேரும் வேலையின் வேகம் முடிந்து வெளியேறும் வேலையின் வேகத்தைவிட மிகுந்திருந்தால், பணியாற்றுபவர் எத்தனை திறமையானவராயினும் வரிசை நீண்டுகொண்டே போகும் என்பது வரிசைக் கோட்பாட்டின் பாலபாடம். ஆகவே, இத்தகைய கட்டுரைகளைப் பட்டியலிடும் பராமரிப்புப் பகுப்பில் தெரியும் மொத்த எண்ணிக்கையைத் தம் உழைப்பின் அளவுகோலாக வைத்துக்கொள்ளும் தன்னார்வலர், எவ்வளவு செய்தாலும் தோற்றுக்கொண்டிருப்பதாகவே உணர்வார்.

இந்நிலையில் ஊக்கத்தைக் காப்பதற்கு அனுபவமுள்ள தொகுப்பாளர்கள் கையாளும் முறைகள் சில உள்ளன. நாள்தோறும் ஓர் அளவு வைத்துக்கொண்டு செய்வது, கூட்டாகக் குறிப்பிட்ட காலத்துக்கு முனைந்து செய்யும் ஒழிப்புச் சுற்றில் சேர்வது, ஒரு சிறு பகுதியை மட்டும் தமதாக்கிக்கொள்வது, இணையர் ஒருவரோடு மாறி மாறிச் சரிபார்ப்பது ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவற்றை ஒப்பிடும்போது, எது நிலுவையை மிக வேகமாகக் குறைக்கிறது என்ற கேள்வியை நான் இரண்டாம் இடத்திலேயே வைக்கிறேன். ஊதியமும் கட்டாயமும் இல்லாத பணியில், ஆறு மாதம் கழித்தும் அந்த நபர் திரும்பி வருகிறாரா, வரும்போது அவருடைய திருத்தங்கள் பழைய தரத்தில் உள்ளனவா என்பவையே முதற்கேள்விகள்.

நாளுக்கு ஓர் அளவு

இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, இலவச மின்னூலகமான குட்டன்பெர்க் திட்டத்துக்கு மின்னூல்களை ஆயத்தம் செய்வதற்காக 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பகிர்ந்த மெய்ப்பாளர்கள் திட்டம் ஆகும். நாளுக்கு ஒரு பக்கம் மெய்ப்புப் பார்த்தால் போதும் என்பதே அங்கு தன்னார்வலர்களிடம் வைக்கப்படும் வேண்டுகோள். அது அங்கே பொருந்துவதற்குக் காரணங்கள் உண்டு. வேலையின் அலகு ஏறத்தாழ ஒரே அளவினது. ஒரு பக்கம் மற்றொரு பக்கத்தைச் சார்ந்திருப்பதில்லை. ஒருவர் தவறவிட்ட எழுத்துப்பிழையை அடுத்த சுற்றில் வேறொருவர் பிடித்துவிடுவார். எனவே, களைப்போடு பார்த்த ஒரு பக்கம் நூலைக் கெடுத்துவிடுவதில்லை.

கலைக்களஞ்சியத் துப்புரவில் இந்த மூன்று வசதிகளும் கிடையா. ஒரு கட்டுரையில் இரண்டு ஒற்றுப்பிழைகள் மட்டுமே இருக்கலாம். அடுத்த கட்டுரையில் மேற்கோள் காட்டப்பட்ட நூலைத் தேடிப்பிடித்துப் படித்தாலன்றி முதற்பத்தியைக்கூடத் தொட முடியாமல் இருக்கலாம். இவ்விரண்டும் கணக்கில் ‘ஒன்று’ என்றே பதிவாகும்போது, நாளளவை நிறைவேற்ற விரும்பும் மனம் தன்னையறியாமலேயே எளிய கட்டுரைகளைப் பொறுக்கத் தொடங்குகிறது. சில மாதங்களில் பட்டியலில் கடினமானவை மட்டும் எஞ்சி நிற்க, முன்பு ஊக்கமாக இருந்த அதே அளவு தண்டனையாக மாறிவிடுகிறது.

இடைவிடாத் தொடர்ச்சியை எண்ணும் பழக்கத்தில் மற்றொரு சிக்கலும் உண்டு. நாற்பது நாள் தொடர்ந்து செய்தவர் நாற்பத்தோராம் நாள் காய்ச்சலில் படுத்தால், இழப்பது ஒரு நாள் வேலையைத்தான் என்றாலும், எண்ணிக்கை சுழியத்துக்குப் போய்விடுவதால் அனைத்தையும் இழந்ததுபோல் தோன்றுகிறது. இது மேலும் தொடரவிடாமல் ஆளை நிறுத்திவிடக்கூடும். நிரலாளர்கள் பங்களிக்கும் கிட்ஹப் தளம், பயனர் பக்கங்களில் காட்டிவந்த தொடர்நாள் எண்ணிகளை 2016இல் நீக்கியதை இங்கே நினைவுகூரலாம். நாளளவு முறையை விரும்புவோர் அதை வார அளவாக மாற்றிக்கொள்வதும், கட்டுரைகளை எண்ணாமல் செலவிட்ட நேரத்தை எண்ணுவதும் நல்லது. வாரத்துக்கு மூன்று அரைமணி நேரம் என்று வைத்துக்கொண்டால், கடினமான கட்டுரையோடு மல்லுக்கட்டிய அரைமணியும் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஒழிப்புச் சுற்றுகள்

ஆங்கில விக்கிப்பீடியாவின் உரைதிருத்துநர் குழு நெடுங்காலமாக நடத்திவரும் முறை இது. ஒன்றுவிட்ட மாதங்களில் மாதம் முழுவதும் நீளும் பெருஞ்சுற்றும், இடைப்பட்ட மாதங்களில் ஒரு வாரக் குறுஞ்சுற்றும் அறிவிக்கப்படுகின்றன; பங்கேற்போர் திருத்திய கட்டுரைகளும் சொற்களும் கணக்கிடப்பட்டு மின்வடிவப் பதக்கங்கள் வழங்கப்படுகின்றன; நெடுநாள் தேங்கிய கட்டுரைகளை எடுப்போருக்கு மிகைப்புள்ளியும் உண்டு. தனி மனிதர் மாதக்கணக்கில் செய்தாலும் அசைக்க முடியாத எண்ணிக்கையை இத்தகைய சுற்று கண்ணெதிரே இறக்கிக் காட்டுகிறது. தேதி முடிந்தால் வேலையும் முடிந்தது என்ற நிம்மதி, நாளளவு முறையில் என்றுமே கிடைக்காதது.

ஆனால் பதக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சிந்திக்க வேண்டும். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வில், வண்ணப் பேனாக்களால் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள சிறு குழந்தைகள் மூன்று பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். வரைந்தால் சான்றிதழ் தரப்படும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள், பரிசுப் பேச்சே இல்லாத பிற்பட்ட நாள்களில் மற்றவர்களைவிடக் குறைவான நேரமே வரைந்தனர். எதிர்பாராமல் அதே சான்றிதழைப் பெற்ற குழந்தைகளிடம் அத்தகைய சரிவு காணப்படவில்லை. ஆர்வத்தைக் குறைத்தது சான்றிதழை எதிர்பார்த்து வரைந்ததே என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

விக்கிப்பீடியாவிலேயே நடந்த சோதனைகளையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். மைக்கேல் ரெஸ்டிவோவும் ஆர்னவுட் வான் டி ரைட்டும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில விக்கிப்பீடியாவில் மிகுதியாகப் பங்களிக்கும் முதல் 1 விழுக்காட்டினரிலிருந்து 200 பேர் எடுக்கப்பட்டு, அவர்களுள் குலுக்கல் முறையில் தேர்ந்த பாதிப் பேருக்குப் பதக்கம் அளிக்கப்பட்டது. அடுத்த 90 நாள்களில் அவர்களுடைய பங்களிப்பு, பதக்கம் பெறாதோரைவிட 60 விழுக்காடு மிகுந்திருந்தது. செருமன் விக்கிப்பீடியாவின் புதிய பயனர்களுக்குப் பண மதிப்பில்லாத விருது வழங்கி யானா காலுஸ் நடத்திய சோதனை 2017இல் வெளிவந்தது. அதில் தொடர்ந்து பங்களிப்போர் விகிதம் 20 விழுக்காடு உயர்ந்தது. ஏற்கெனவே செய்த வேலையைக் கண்டு தேடி வந்த பாராட்டுகள் இவை. போட்டியின் புள்ளிக் கணக்கிலிருந்து கிடைத்தவை அல்ல. இவ்வாய்வுகளை ஒன்றாக வைத்துப் படிக்கும்போது, ஊக்கத்தைப் பொறுத்தவரை அறிவிக்கப்பட்ட போட்டியைவிட, அறிவிப்பின்றி ஒருவருடைய பேச்சுப் பக்கத்தில் (பிறர் அவருக்குச் செய்தி எழுதும் பக்கத்தில்) சேரும் பாராட்டே பலன் மிக்கது என்று கருதுகிறேன். இத்தனைக்கும், அதை அளிக்கப் போட்டி நடத்தும் அலைச்சல்கூட இல்லை.

தரம் குறித்தும் சுற்றுகளில் கவனம் தேவை. சொற்களை எண்ணும் போட்டியில் நீண்ட கட்டுரையை மேலோட்டமாகத் திருத்துவது ஆதாயம் தரும். நீக்கப்பட வேண்டிய பத்தியை நீக்காமல் மெருகூட்டுவதும் ஆதாயம் தரும். ஒருங்கிணைப்பாளர்கள் திருத்தங்களைச் சோதித்துப் பார்க்கும் குழுக்களில் இது கட்டுக்குள் இருக்கிறது. பங்களிப்போர் குறைவாக உள்ள மொழிகளின் திட்டங்களிலோ, ஒருங்கிணைப்பவரும் போட்டியிடுபவரும் பரிசளிப்பவரும் ஏறக்குறைய அதே சிலராக இருப்பதால், ஒரு சுற்று முடிந்தபின் அனைவரும் ஒருசேரக் களைத்துப்போகும் நிலை ஏற்படுகிறது. அத்தகைய திட்டங்கள் குறுஞ்சுற்றோடு நிறுத்திக்கொள்வது உசிதம்.

ஒரு மூலையை எடுத்துக்கொள்வது

என் தேர்வு இதுவே. முழு நிலுவையையும் பாராமல், தமக்கு ஈடுபாடுள்ள துறையில் ஐம்பது கட்டுரைகளையோ ஒரே நூலையோ எடுத்துக்கொண்டு, அதை மட்டும் முடிப்பது. இதில் பெரும்பாலோர் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு: பட்டியலை உறையவைக்க வேண்டும். பராமரிப்புப் பகுப்பை அப்படியே பின்தொடர்ந்தால் அதில் நாள்தோறும் புதியவை சேரும். மாறாக, இன்றைய நிலையில் உள்ள தலைப்புகளைப் பயனர் பக்கத்தின் துணைப்பக்கம் ஒன்றில் படியெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு வருபவற்றை அடுத்த பட்டியலுக்கு என்று ஒதுக்கிவிட்டால், நாம் அடிக்கும் ஒவ்வொரு கோடும் மீதியை உண்மையாகவே குறைக்கும். இலக்கு நெருங்க நெருங்க முயற்சி விரைவுறும் என்பதை உளவியலாளர் கிளார்க் ஹல் 1930களிலேயே எலிகளைக் கொண்டு ஆராய்ந்தார். கடைசிப் பத்துத் தலைப்புகள் மீதமிருக்கும் வாரத்தில் எவருக்கும் இந்த வேகம் வந்துவிடுவதைக் காணலாம். வளர்ந்துகொண்டே போகும் பகுப்பில் அந்தக் கடைசிப் பத்து என்பது ஒருபோதும் வருவதில்லை.

ஒரே துறையில் வேலை செய்வதால் கிடைக்கும் மற்றொரு பயன், திறன் வளர்ச்சி. பறவைகள் பற்றிய முதற்கட்டுரைக்குத் தேடிய சான்றுநூல் இருபதாம் கட்டுரைக்கும் உதவும். கலைச்சொற்களில் ஒருமை வரும். ஒரு கட்டுரையில் திருத்திய பிழை எந்தெந்தக் கட்டுரைகளிலிருந்து படியெடுக்கப்பட்டது என்பதும் தெரியவரும். வேலை மெல்ல எளிதாவதை உணர்வதே ஒரு ஊதியம்.

குறைகளும் இல்லாமல் இல்லை. திருத்திய கட்டுரைகளையெல்லாம், பின்னர் நிகழும் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனால், அதுவே இரண்டாவது நிலுவையாகிவிடும். விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருளில் இப்போது ஒரு பக்கத்தை ஒரு வாரம், ஒரு மாதம் எனக் காலக்கெடுவோடு கவனிக்கும் வசதி இருப்பதால், நிரந்தரக் கவனிப்பைத் தவிர்க்கலாம். இதைவிடப் பெரிய ஆபத்து உரிமையுணர்வு. தாம் செம்மைப்படுத்திய பகுதியில் பிறர் கைவைக்கும்போது எரிச்சல் கொள்ளும் காவலராக மாறிவிடுவோர் உண்டு. எந்தக் கட்டுரையும் எவருக்கும் சொந்தமில்லை என்பது விக்கிப்பீடியாவின் கொள்கை என்றாலும், உழைத்தவருக்கு அது எளிதில் மனத்தில் ஏறுவதில்லை. பட்டியல் முடிந்ததும் வேறு துறைக்கு நகர்ந்துவிடுவது இதற்கு ஓரளவு மருந்தாகும்.

இதற்கு நேர்மாறான முறையும் உண்டு. பகுப்பிலிருந்து ஏதேனும் ஒரு பக்கத்தை எடுத்துத் தரும் சிறப்புப் பக்கத்தைப் பயன்படுத்திக் கிடைப்பதைத் திருத்துவது அது. சோர்வான நாளில் பொழுதுபோக்காக அமையும். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பழையது முதலா, புதியது முதலா?

மூலையைத் தேர்ந்தபின் எழும் கேள்வி இது. பல ஆண்டுகளாகத் தேங்கியவற்றை முதலில் எடுப்பது நியாயமாகத் தோன்றினாலும், ஊக்கத்தின் பார்வையில் அது கடினமான பாதை. எழுதியவர் எப்போதோ விலகியிருப்பார், இணைப்புகள் செத்திருக்கும், பேச்சுப் பக்கத்தில் கேட்கும் கேள்விக்குப் பதில் வராது. சென்ற வாரம் எழுதப்பட்ட கட்டுரையைத் திருத்தினாலோ, எழுதியவர் வந்து நன்றி சொல்லக்கூடும், விளக்கம் தரக்கூடும், அடுத்த கட்டுரையை இன்னும் செம்மையாக எழுதவும்கூடும். அதாவது நிலுவைக்குள் வரும் வேகமே குறையும். ஆங்கில விக்கிப்பீடியாவில், பரிசீலிக்கப்படாத புதிய கட்டுரைகள் தேடுபொறிகளுக்கு மறைக்கப்பட்டிருக்கும் என்பதால், அங்கு புதியவற்றை விரைந்து பார்ப்பதற்குத் தனிக் காரணமும் இருக்கிறது. புதியவற்றையே முதன்மையாக வைத்து, பழையவற்றில் விருப்பமுள்ள தலைப்பை மட்டும் இடையிடையே எடுக்கலாம்.

இணையரோடு செய்வது

மூலநூல்களை மெய்ப்புப் பார்த்து இணையத்தில் சேர்க்கும் விக்கிமூலத்தில் இது மென்பொருளிலேயே பொதிந்துள்ளது. மெய்ப்புப் பார்க்கப்படாத பக்கம் சிவப்பாகவும், ஒருவர் பார்த்தபின் மஞ்சளாகவும், வேறொருவர் சரிபார்த்தபின் பச்சையாகவும் காட்டப்படுகிறது. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. தம் பிழையைப் பிறர் காண்பார் என்ற எச்சரிக்கையும், தம் உழைப்பைப் பிறர் வரிவரியாகப் படித்தார் என்ற நிறைவும் ஒருசேரக் கிடைக்கின்றன. மேற்சொன்ன எந்த முறையிலும் இந்த இரண்டாவது நிறைவு இல்லை. ஆனால் இணையர் நின்றுவிட்டால் நூல் முழுவதும் மஞ்சளாகவே கிடக்கும் என்பதால், ஒருவரையே நம்பாமல் மூவர் நால்வராகச் சேர்ந்து, உறைந்த பட்டியலைப் பொதுவில் வைத்துக்கொள்வது உறுதியான ஏற்பாடாகும்.

அரைத்தானியங்கிக் கருவிகளைப் பற்றி ஒரு சொல். ஆட்டோவிக்கிபிரவுசர் போன்றவை ஒரே மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒரே வகைப் பிழையைக் களைய உதவும்; அவை இல்லாமல் சில பணிகளைச் செய்யவே கூடாது என்பேன். எனினும் அவை நிலுவைக்கான கருவிகளே ஒழிய ஊக்கத்துக்கானவை அல்ல. தொகுப்பு எண்ணிக்கை ஏறும். படித்தோம், புரிந்துகொண்டோம், சீராக்கினோம் என்ற உணர்வு ஏறாது.

இவை அனைத்துக்கும் போட்டியாக நிற்கும் இன்னொரு தெரிவு, சில மாதம் விலகியிருப்பது. நாளளவு வைத்தவருக்கு விலகல் தோல்வியாகத் தெரியும். சுற்றுகளை நம்பியவர் அடுத்த அறிவிப்பு வரும்வரை நினைக்கவே மாட்டார். உறைந்த பட்டியல் வைத்திருப்பவர் மட்டுமே விட்ட இடத்தைச் சரியாக அறிவார். அவரும் செல்லும்முன் அரைகுறையாக நிற்கும் கட்டுரைகளின் பேச்சுப் பக்கங்களில், எதுவரை பார்க்கப்பட்டது, எந்தச் சான்று இன்னும் கிடைக்கவில்லை, எந்தப் பத்தி ஐயத்துக்குரியது என்று இரண்டு வரி எழுதிவைக்க வேண்டும். திரும்பி வருபவர் அவராகவே இருந்தாலும், வேறொருவராக இருந்தாலும், முதலிலிருந்து தொடங்கும் அலுப்பு மிச்சமாகும்.