ஃப்ளெக்ஸ் 4: எட்டு மாசம் பாவிச்ச பிறகு எழுதுறன்

பயனியரின்ட டிடிஜே ஃப்ளெக்ஸ் 4 கொன்ட்ரோலர், அதாவது லப்டொப்பில இருக்கிற பாட்டுகள நிக்காம ஒண்டோட ஒண்டு சேத்து மிக்ஸ் பண்ணுற டிஜே பெட்டி, கொழும்பில ஒரு அண்ணாட்ட செக்கண்ட் ஹேண்ட்ல வாங்கி ராத்திரி ட்ரெயின்ல மடியில வச்சு திருமலைக்கு கொண்டு வந்து எட்டு மாசமாச்சு. கலியாண வீட்டில அடிக்கிறதுக்கு எண்டு வாங்கேல்ல. வீட்டில இருந்து ஒரு மணித்தியால மிக்ஸ் ஒண்ட ஒழுங்கா பிளான் பண்ணி ரெக்கோட் பண்ணோணும், அவ்வளவு தான் தேவை. அதுக்கு இது காணுமா எண்டு கேட்டா தாராளமா காணும், ஆனா விளம்பரத்தில பெருசா காட்டுற விஷயம் ஒண்டும் எனக்கு உதவேல்ல, உதவினது எல்லாம் ஆரும் கதைக்காத விஷயங்கள்.

சாமானப் பற்றி கெதியா சொல்லுறன். ரெண்டு சனல் (ஒரே நேரத்தில ரெண்டு பாட்டு), பக்கத்துக்கு விரலால அடிக்கிற எட்டு பேட், பேஸ், நடு, மேல் சத்தங்கள தனித்தனியா கூட்டிக் குறைக்கிற மூண்டு பாண்ட் ஈக்யூ, பாட்ட கையால முன்னுக்குப் பின்னுக்கு இழுக்கிற ஜொக் வீல் சின்னன், பெரிய செட்டில அடிச்சுப் பழகின ஆக்களுக்கு பொம்மை மாதிரி இருக்கும். யூஎஸ்பி சி வயர் ஒண்ட லப்டொப்பில குத்தினா கரண்டும் அதிலயே எடுத்துக்கொள்ளும், தனி அடப்டர் இல்ல. இது சின்ன விஷயம் எண்டு நினைக்க வேணாம், 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாம இருந்த நாடு இது. போன மாசம் ரெக்கோட் பண்ணிக்கொண்டு இருக்கேக்க முப்பத்திநாலாவது நிமிஷத்தில லைட் போச்சு, ஃபேன் நிண்டுது, பக்கத்து வீட்டு டிவி நிண்டுது, நான் தலையில கை வச்சிட்டு திரும்பிப் பாத்தா திரையில ரெண்டு பாட்டின்ட வேவ்ஃபோம் கோடும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டு இருக்கு. இருட்டுக்குள்ள பேட் லைட் வெளிச்சத்திலயே மிச்சத்த முடிச்சன். லப்டொப் பட்டறி நல்லா இருந்தா தான் இந்த சந்தோஷம் எண்டத மறக்க வேணாம்.

சொஃப்ட்வெயார் ரெக்கோட்பொக்ஸ், இந்த மெஷின் குத்தி இருக்கிற வரைக்கும் காசு கட்டாமலே அடிக்கலாம், ரெக்கோட் பண்ணலாம். ஒரே கண்டிஷன், ஸ்ட்ரீமிங்ல இருந்து எடுத்த பாட்ட மிக்ஸ் பண்ணிப் பழகலாம், ரெக்கோட் பண்ண விடாது, அது உரிமை சம்பந்தமான விஷயம். அதால பாட்டுகள் ஃபைலா கையில இருக்கோணும். பிளான் போட முதல் இதத் தெரிஞ்சு வைங்க.

இனி பிளான். உப்புவெளியில கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிற கூட்டாளி ஒருத்தன் சீசனுக்கு முதல் வந்து "மச்சான், ஒரு மணித்தியாலத்துக்கு சன்செட் மிக்ஸ் ஒண்டு செய்து தாவன்" எண்டான். டேய், உன்ட கெஸ்ட் ஹவுஸ் கிழக்கப் பாத்து கிடக்கு, கடல்ல சூரியன் விடிய தான் வரும், பின்னேரம் அது உன்ட கிச்சினுக்குப் பின்னால தான் மறையும் எண்டன். ஆனா யோசிச்சா அது தான் மிக்ஸுக்கே வழி காட்டிச்சு. வெளிச்சம் பட்டெண்டு போகாது, கடலின்ட நிறம் மெல்ல மெல்ல மங்கும், சனம் எழும்பி ஆடாது, ஈரத் துவாயோட கதிரையில இருந்து பியர் குடிக்கும். அதால 98 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 98 அடி) தொடங்கி கடைசிக் கால் மணித்தியாலத்தில 120க்கு வாற மாதிரி, பதினேழு பாட்டு.

இத எல்லாம் கம்பியூட்டர்ல போடாம ஒரு சீஆர் கொப்பியில எழுதினன், சிரிக்காதீங்க. ஒரு வரிக்கு ஒரு பாட்டு, பக்கத்தில பிபிஎம், கீ (சுருதி), எத்தினையாவது நிமிஷத்தில வருது, எங்க இருந்து எங்க வரைக்கும் குரல் இல்லாம இருக்கு. கடைசிது தான் முக்கியம், ரெண்டு பாட்டின்ட குரலும் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறினா சந்தைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும். கீயை ரெக்கோட்பொக்ஸில 8ஏ, 9ஏ மாதிரி நம்பரா காட்ட வைக்கலாம், அது கேமலொட் சக்கரம் எண்டு சொல்லுவினம், 1ல இருந்து 12 வரைக்கும், ஏ எண்டா மைனர், பி எண்டா மேஜர், ஒரே நம்பர் இல்லாட்டி பக்கத்து நம்பருக்குப் போனா அநேகமா இடிக்காது. ஆனா சுருதிய மாறாம வச்சிருக்கிற மாஸ்டர் டெம்போவப் போடாம வேகத்தக் கூட்டினா கீயும் சேந்து ஏறும், கிட்டத்தட்ட ஆறு வீதம் கூட்டினா அரை சுரம் கூடிடும், பிறகு கொப்பியில எழுதின நம்பருக்கும் காதில கேக்கிறதுக்கும் சம்பந்தம் இருக்காது. நான் ரெண்டு நாள் காதில தான் கோளாறு எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சன்.

அடுத்தது பழைய தமிழ்ப் பாட்டு. 80கள்ல வந்ததில கன பாட்டுக்கு ஆக்கள் நேர இருந்து அடிச்ச தாளம், மெஷின் மாதிரி நிக்காது, சரணத்துக்கு வரேக்க கொஞ்சம் ஓடும். சொஃப்ட்வெயார் தாளம் விழுற இடத்தக் கண்டுபிடிச்சு கோடு போடுறத அனலைஸ் எண்டு சொல்லுவினம். சாதாரண அனலைஸ் போட்டா முதல் நிமிஷம் கோடு சரியா விழும், மூண்டாவது நிமிஷம் கோடு ஒரு பக்கம் தாளம் ஒரு பக்கம். டைனமிக் எண்டு ஒரு மோட் இருக்கு, அதில திருப்பி அனலைஸ் பண்ணினா ஓரளவு பிடிக்கும். மிச்சத்த கையால தான் இழுக்கோணும், ஒரு பாட்டுக்கு எனக்கு முக்கால் மணித்தியாலம் போச்சு.

பைலா அத விட வேற கதை. நாப்பதாவது நிமிஷத்தில ஒரு பைலா வைக்காட்டி திருமலையில ஆரும் மன்னிக்க மாட்டினம். அது 6/8 தாளம், சில பாட்டுக்கு சொஃப்ட்வெயார் பிபிஎம்ம ஒண்டரை மடங்கா காட்டும், அத முதல்ல திருத்தோணும். திருத்தி, ரெண்டு பாட்டின்ட வேகத்தையும் தானா ஒண்டாக்கிற சிங்க் போட்டா பெரிய அடி எல்லாம் வடிவா சேந்து விழும், ஆனா உள்ளுக்குள்ள ஒரு பாட்டு நாலு நாலா போகுது, மற்றது மூண்டு மூண்டா போகுது, கேக்க குதிரை இடறி விழுற மாதிரி. நீளமா மிக்ஸ் பண்ண ஏலாது. நான் செய்தது, போற பாட்டில பேஸ வெட்டி, கடைசி அடியில எக்கோவப் போட்டு விட்டிட்டு, அந்த எக்கோ அடங்க முதல் பைலாவ முதல் அடியில பட்டெண்டு விட்டது. பதினொரு தரம் பழகினன். அந்த எக்கோ பட்டன் விரலுக்கு கிட்ட இருக்கு, அழுத்த வசதி, இந்தப் பெட்டியில எனக்குப் பிடிச்ச ஒரே பட்டன் அது தான்.

விளம்பரத்தில பெருசா சொல்லுறது ஸ்மார்ட் ஃபேடர். குறுக்கால இருக்கிற ஃபேடர ஒரு பக்கம் இருந்து மற்றப் பக்கம் தள்ளினா சத்தம், பேஸ், வேகம் எல்லாத்தையும் அதுவே மாத்தித் தரும். ரெண்டு நாள் விளையாடிட்டு நிப்பாட்டிட்டன். எல்லா மாத்தமும் ஒரே அச்சில வாத்த மாதிரி இருக்கும், பதினேழு பாட்டுக்கு பதினாறு தரம் அத கேட்டா நித்திரை வரும். என்ட மிக்ஸில 120ல போற இடத்தில 16 பார், அதாவது 64 அடி, 32 செக்கன் கையால மெல்ல மெல்ல பேஸ மாத்தின இடம் ஒண்டு இருக்கு, மிக்ஸிலயே நல்ல இடம் அது தான்.

ரெக்கோடிங் கஷ்டம் இல்ல, ரெக்கோட் பட்டன அழுத்தினா வேவ் ஃபைலா விழும், ஒரு மணித்தியாலத்துக்கு 16 பிட்ல ஏறக்குறைய 635 எம்பி வரும், டிஸ்க்கில இடம் இருக்கா எண்டு முதல்லயே பாருங்க. சத்தம் காட்டுற லைட்ட சிவப்புக்குப் போக விட வேணாம், குறைச்சு ரெக்கோட் பண்ணினத பிறகு கூட்டலாம், வெடிச்சது வெடிச்சது தான். என்ட முதல் டேக் சிவப்பில போய்க் கெட்டுது. ரெண்டாவது டேக்கில மைக் குத்தி இருந்தது, லெவல குறைக்க மறந்திட்டன், ஐம்பத்திரெண்டாவது நிமிஷத்தில மீன்கார ஐயாவின்ட மோட்டார் சைக்கிள் ஹோர்ன் ரெண்டு தரம், பிறகு "தம்பி, பாரை இருக்கு" எண்டு குரல், எல்லாம் ரெக்கோடிங்ல ஏறி இருக்கு. அம்மா வெளிய போய் விலை பேசினது வரைக்கும் மெல்லிசா கேக்கும். மூண்டாவது டேக் தான் கூட்டாளிக்குப் போனது. ஒடாசிட்டி எண்ட சொஃப்ட்வெயார்ல சத்தத்த சரி பண்ணி 320 கேபிபிஎஸ் தரத்தில எம்பி3 ஆக்கினா 144 எம்பி, வாட்ஸப்பில டொக்கியூமென்டா அனுப்பலாம்.

ஹெட்போன் ஓட்டை சின்ன ஜக், பெரிய ஜக் இல்ல, அடப்டர் மாத்தி வாங்கிப்போடாதீங்க. சத்தம் வெளிய போற வழி ஆர்சிஏ (பழைய டிவி, டிவிடில குத்துற சிவப்பு வெள்ளை ஓட்டை) மட்டும் தான், பெரிய சவுண்ட் செட்டுக்கு குத்துற எக்ஸ்எல்ஆர் இல்ல, அடிக்கிற ஆளுக்குத் தனியா ஸ்பீக்கர் போட பூத் அவுட்டும் இல்ல. வீட்டு ரெக்கோடிங்குக்கு இது ஒண்டும் தேவையில்ல, சத்தம் லப்டொப்புக்குள்ளயே பதியுது. ஆனா மிக்ஸ கேட்டிட்டு கூட்டாளி போயா லீவுக்கு நேர வந்து அடிக்கச் சொன்னான், டவுனில ஒரு கடையில அவசரத்துக்கு வாங்கின மலிவு வயர் இடது பக்கம் முழுக்க ம்ம்ம் எண்டு இரைஞ்சுகொண்டே இருந்தது, வயர மாத்தினோண்ண நிண்டிட்டு. கடற்கரைக்கு கொண்டு போறதெண்டா மேல போட பருத்தித் துணி ஒண்டும், ஆர்சிஏல இருந்து பெரிய ஜக்குக்கு மாத்துற நல்ல வயர் ரெண்டும் பையில வச்சிருங்க, சவுண்ட் போட வாற பெடியள்ட்ட அது ஒருநாளும் இருக்காது.