கடற்கரை மண்ணுக்குச் சுண்ணாம்பு விற்க வருகிறார்கள், வாங்கிவிடாதீர்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி, பெரியபட்டினம், திருப்புல்லாணிப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "உங்க மண்ணு புளிச்சுப் போச்சு, அமில மண்ணாயிடுச்சு, இயற்கை மண் திருத்தி போட்டாத்தான் சரியாகும்" என்று சொல்லிக்கொண்டு யாராவது மினி வேனில் மூட்டையோடு வந்து நின்றால் ஒரு மூட்டைகூட இறக்க விடாதீர்கள். நான் 40 மூட்டை இறக்கினேன். மூட்டை 380 ரூபாய், மொத்தம் 15,200. அந்தப் பணத்தைக்கூட விட்டுவிடலாம், செத்துப்போன செடிகளை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

எங்களுக்கு உச்சிப்புளிக்குக் கிழக்கே ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. பெரும்பாலும் தென்னை, 60 சென்ட் மட்டும் மல்லிகை. கன்று எல்லாம் தங்கச்சிமடத்தில் வாங்கி நட்டது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் மாமியாரும் நானும்தான் பார்க்கிறோம். போன ஆடி மாதம் மல்லிகையில் குருத்து இலைகள் மஞ்சளாக வெளுக்க ஆரம்பித்தன. நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும், நடுவில் வெளுத்துக் கிடக்கும். பூவும் பாதியாகக் குறைந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அந்த மூட்டை வியாபாரி வந்தார், நன்றாகப் பேசினார், "அக்கா, அக்கா" என்று மாமியாருக்கும் எனக்கும் பொறுமையாக விளக்கினார். இலை மஞ்சளாவதே மண் புளித்ததற்கு அடையாளம் என்றார். ஒரு கண்ணாடிக் குழாயில் எங்கள் மண்ணைப் போட்டு, அவர் கையோடு கொண்டுவந்திருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றிக் குலுக்கி, நீல லிட்மஸ் தாளை நனைத்துக் காட்டினார். அமிலம் பட்டால் சிவக்கிற தாள் அது. தாள் சிவந்தது. கண்ணால் பார்த்த பிறகு என்ன சந்தேகம் வரும்?

பொடி சாம்பல் கலந்த வெள்ளையாக இருந்தது. கடல் சிப்பி, மரச்சாம்பல், மூலிகை எல்லாம் சேர்ந்தது என்றார். செடிக்கு ஒரு கிலோ வீதம் தூரில் போட்டுத் தண்ணீர் பாய்ச்சச் சொன்னார். போட்ட அன்றே உதவிக்கு வந்த இரண்டு அக்காமார்களுக்கும் உள்ளங்கை எரிந்து, மறுநாள் தோல் உரிந்தது. வெறும் சிப்பியை அரைத்த பொடிக்குக் கை வெந்து போகாது. சுட்டு நீற்றின சுண்ணாம்பு கலந்திருந்தால்தான் அப்படி எரியும். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். மூட்டையைப் பிரித்தாயிற்றே என்று மிச்சத்தையும் போட்டோம். புரட்டாசிக்குள் புதுத் தளிர் காகிதம் மாதிரி வெளுத்து நுனி கருகியது, சுமார் 1,000 செடியில் 400-க்கு மேல் காய்ந்துவிட்டது.

அப்புறம்தான் ராமநாதபுரத்தில் இருக்கிற கடலோர உவர் ஆராய்ச்சி மையத்துக்குப் போய்க் கேட்டேன். மண்ணைச் சோதித்ததில் பி.எச். 8.8 என்று வந்தது. 7 என்பது நடுநிலை, அதற்குக் கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து மடங்கு வித்தியாசம், அதாவது 8-க்கும் 9-க்கும் நடுவில் இருக்கிற தூரம் பார்க்கச் சின்னதாக இருந்தாலும் வேருக்குச் சின்னதில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியைக் குடைந்தால் 2018-இல் எடுத்த மண்வள அட்டை கிடக்கிறது, அதில் 8.2 என்று தெளிவாக எழுதியிருக்கிறது. எங்கள் மண் ஒரு நாளும் புளித்த மண்ணாக இருந்ததில்லை. அதைப் பார்க்காமல் மூட்டை இறக்கியது என் தவறு.

சரி, சுண்ணாம்பும் டோலமைட்டும் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல்) மரச்சாம்பலும் மோசமான பொருட்களா என்றால் இல்லவே இல்லை, அமில மண்ணுக்கு அவைதான் மருந்து. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மாதிரி இடங்களில் காலங்காலமாகப் பெய்கிற பெருமழை மண்ணில் இருக்கிற கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கரைத்து இறக்கிவிடும், மண் 5-க்குப் பக்கத்தில் போய் நிற்கும். தேயிலைக்கு அது பிடிக்கும். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் போடுகிறவர்களுக்குத்தான் கஷ்டம், ஏனென்றால் 5.5-க்குக் கீழே அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும், மணிச்சத்தும் செடிக்குக் கிடைக்காது. அங்கே சுண்ணாம்பு இட்டால் மண் எழுந்து நிற்கும். அங்கேயும்கூட சோதனை முடிவைப் பார்த்துத்தான் எவ்வளவு என்று முடிவு செய்ய வேண்டும், அதோடு சுண்ணாம்பையும் தொழு உரத்தையும் ஒரே நாளில் கலந்து போடக்கூடாது, தழைச்சத்து ஆவியாகப் பறந்துவிடும். நம்ம கடற்கரைக்கு வாருங்கள். வருடத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். கிணற்றுத் தண்ணீர் உப்பு. மண்ணைக் கையில் அள்ளினால் சிப்பி உடைசல் தட்டுப்படும், அதன் மேல் எலுமிச்சை பிழிந்தால் நுரைக்கும். ஏற்கெனவே சிப்பி கிடக்கிற மண்ணுக்குத்தான் சிப்பிப் பொடி என்று சொல்லி எங்களிடம் காசு வாங்கியிருக்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் கோபம் வருவது அந்த மஞ்சள் இலை விஷயத்தில்தான். குருத்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. கார மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் துரு மாதிரி கட்டிக்கொண்டு வேருக்குக் கிடைக்காது. எது காரத்தால் வந்த நோயோ அதையே அமில நோய் என்று சொல்லி, இன்னும் காரத்தை அள்ளிக் கொட்ட வைத்தார். தெரியாமல் செய்தவர் என்று என்னால் நம்ப முடியவில்லை. பிளஸ் டூ படிக்கிற அண்ணன் மகள் பள்ளியிலிருந்து லிட்மஸ் தாள் வாங்கி வந்து, பொடி போடாத தென்னந்தோப்பு மண்ணைக் கேன் தண்ணீரில் கரைத்துச் சோதித்தாள். நீலத் தாள் நீலமாகவே இருந்தது. என் சந்தேகம் எல்லாம் அவர் கொண்டுவந்த பாட்டில் மேல்தான், தண்ணீரில் எலுமிச்சைச் சாறு கலந்திருந்தாலே அந்தத் தாள் சிவந்துவிடும். யாராவது உங்கள் மண்ணைச் சோதிக்கிறேன் என்றால் முதலில் அவர் தண்ணீரில் வெறும் தாளை நனைக்கச் சொல்லுங்கள்.

உண்மையான சோதனைக்கு மண் எடுப்பது பெரிய வேலை இல்லை. மேலே கிடக்கிற சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில வி எழுத்து மாதிரி 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, ஓரத்தில் இருந்து மேலிருந்து கீழ்வரை சீவி எடுக்க வேண்டும். இப்படி 10, 15 இடத்தில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அதிலிருந்து அரைக் கிலோ போதும். வரப்போரம், எருக்குழிப் பக்கம், மர நிழல் இங்கெல்லாம் எடுக்காதீர்கள். அரசு மண் பரிசோதனை நிலையத்தில் கட்டணம் ரொம்பக் குறைவு, நான் தொலைத்த பணத்தோடு ஒப்பிட்டால் டீ செலவு. அவசரமாகச் சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் கிசான் கால் சென்டர் 1800 180 1551, தமிழிலேயே பேசலாம்.

பிழைத்த செடிகளுக்கு இப்போது செய்வது இதுதான். தூரில் கிடந்த பொடியை மண்ணோடு சுரண்டி எடுத்து வெளியே போட்டோம். இரும்புச்சத்துக்காக அன்னபேதியை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாதம் ஒரு முறை சாயங்காலத்தில் இலையில் தெளிக்கிறோம், இரண்டாவது தெளிப்புக்குப் பிறகு தளிர் பச்சையாக வருகிறது. செடிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரம் வைத்து, தென்னை மட்டையும் ஓலையும் மேலே பரப்பியிருக்கிறோம், வெயிலில் ஈரம் இழுபடும்போது உப்பு மேலே ஏறுவது அதனால் குறைகிறது. செடி செத்த இடத்தில் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து, 45 நாளில் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதோம். உவர் மண்ணையும் அது தாங்குகிறது. ஜிப்சம் போடட்டுமா என்று மையத்தில் கேட்டேன், சோடியம் அதிகமாக இருந்தால்தான் அது வேண்டும், உங்கள் மண்ணுக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால் நாளைக்கு ஜிப்சம் மூட்டையோடு ஒருவர் வந்தாலும் அட்டையைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பொடி விற்றவர் கொடுத்த கைபேசி எண் பத்தாம் நாளில் இருந்து அணைந்தே இருக்கிறது. வேளாண் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன், அவர்கள் முதலில் கேட்டது பில். பில் வாங்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இலும் அதே கேள்விதான். சாக்கிலும் தயாரித்தவர் முகவரி, தேதி, உள்ளே என்ன எத்தனை சதவீதம் என்று ஒன்றுமே இல்லை.

வெள்ளைச் சாக்கு, 25 கிலோ, மேலே ஒரு பச்சை இலைப் படம், அதற்குக் கீழே "100% இயற்கை" என்று மட்டும் இருக்கும், வாய் நீல நூலால் தைத்திருக்கும். காலிச் சாக்கு இரண்டை அடையாளத்துக்காக எடுத்து வைத்திருக்கிறேன். இதே சாக்கோடு உங்கள் ஊருக்கு வந்தால் வண்டி எண்ணைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், புகார் மனுவோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.