எக்ஸ்மவுத்தில் ஒரே ஒரு நாள்: படகா, காரா?

மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த்திலிருந்து 1,200 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போயும், எக்ஸ்மவுத் என்ற கடலோர ஊரில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு முழு நாள்தான். தம்பி திமிங்கலச் சுறா பார்க்கப் படகேறினான். நான் அம்மாவையும் பிள்ளைகளையும் காரில் ஏற்றிக்கொண்டு கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவுக்குப் போனேன். இன்னொரு முறை போனாலும் நான் கார் பக்கம்தான்.

படகைப் பற்றித் தம்பி சொன்னதைத்தான் சொல்ல முடியும். சீசன் மார்ச் முதல் ஜூலை வரை. சிறு விமானம் மேலே பறந்து சுறா இருக்கும் இடத்தைப் படகுக்குச் சொல்லும். ஒரு நேரத்தில் பத்துப் பேர் வரை இறங்கலாம். சுறாவிடமிருந்து மூன்று மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். காரைவிட நீளமான மீன் பக்கத்தில் போனதை இன்றும் பேசுகிறான். ஆனால் தலைக்கு 400 டாலரைத் தாண்டும். ஆழ்கடலில் குதிக்க வேண்டும். நீச்சல் தெரியாத அம்மாவுக்கு அது சரிப்படாது.

அந்தப் பூங்காவின் கரையோரம் இருக்கும் நிங்கலூ பவளத்திட்டு 260 கிலோமீட்டர் நீளம், பல இடங்களில் கரையை ஒட்டியே கிடக்கிறது. மணலில் நடந்து இறங்கினால் பவளம். இதற்குப் படகு எதற்கு?

காரில் போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது கடல் ஏறும், வற்றும் நேரம். பூங்காவிலுள்ள ஆயிஸ்டர் ஸ்டோன்ஸ் என்ற கரையில் கடல் நன்றாக ஏறியிருக்கும்போது மட்டுமே இறங்கலாம். வற்றிய நேரத்தில் பவளம் வயிற்றில் உரசும். நமக்கும் காயம், பவளமும் உடையும். நாங்கள் போன அன்று பத்தரை மணி வாக்கில் கடல் ஏறியது. அதனால் முதலில் அங்கே போய்விட்டு, அப்புறம்தான் டர்க்வாய்ஸ் பே என்ற இன்னொரு கரை. வரிசையை மாற்றியிருந்தால் ஆயிஸ்டர் ஸ்டோன்ஸ் கைநழுவிப் போயிருக்கும்.

டர்க்வாய்ஸ் பேயில் நீரோட்டத்தைக் கவனிக்க வேண்டும். கரையோடு தெற்கே முந்நூறு மீட்டர் நடந்து இறங்கினால் நீரோட்டமே வடக்கே தூக்கிப்போகும். காலை அசைக்காமல் பவளத்தின் மேல் மிதக்கலாம். ஆனால் மணல்முனைக்கு முன்பே கரையேறிவிட வேண்டும். அதைத் தாண்டினால் நீரோட்டம் பவளத்திட்டின் இடைவெளி வழியாகத் திறந்த கடலுக்கு இழுக்கும். நன்றாக நீந்துகிறவர்கள் மட்டும், அதுவும் துணையோடு இறங்குங்கள். பிள்ளைகளை முனைக்கு வடக்கே அமைதியான வளைகுடாப் பக்கம் விட்டேன். அங்கே அம்மாவும் முழங்கால் நீரில் நின்று, காலைச் சுற்றி வந்த மீன்களைப் பார்த்தார்.

நாங்கள் போனது ஜூனில். கோடை வெயிலில் நாள் முழுக்க அந்த நிழலில்லாக் கரையில் இருக்கச் சொல்ல மாட்டேன். தனியாக வருகிறவர், நன்றாக நீந்துகிறவர், கையில் காசும் இருந்தால் படகுக்கே போகலாம்.

பூங்காவுக்குள் பெட்ரோல் கிடையாது. தண்ணீரையும் சாப்பாட்டையும் ஊரிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்தால் கங்காருகள் சாலைக்கு வந்துவிடும், நாலரைக்கே கிளம்பிவிட்டோம்.