எம்.இ.எஸ் குவார்ட்டர்ஸ்ல 19 வருஷம்: ஒரு ரிட்டயர்டு சுபேதாரோட அனுபவம்

2003-ல எனக்கு முதல் குவார்ட்டர்ஸ் அலாட் ஆச்சு, 2022-ல ரிட்டயர் ஆகி கடைசி வீட்டு சாவியைத் திருப்பிக் குடுத்தேன். நடுவுல 6 ஸ்டேஷன், 7 வீடு. எல்லாத்தையும் பராமரிச்சது எம்.இ.எஸ், அதாவது மிலிட்டரி எஞ்சினியர் சர்வீசஸ். இவ்வளவு வருஷம் ஒரே சர்வீஸை யூஸ் பண்ணவன்ங்கற முறைல, அதுல எது நல்லா இருந்துச்சு, காசு எங்க கசிஞ்சுதுன்னு நான் கண்ணால பார்த்ததை எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. எம்.இ.எஸ் 1923-ல ஆரம்பிச்சது. ஆர்மி, நேவி, ஏர்ஃபோர்ஸ் மூணுக்கும் பில்டிங், ரோடு, தண்ணி, கரண்ட், ரன்வே எல்லாம் இவங்கதான். வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான கோடி ரூபா இவங்க கையால செலவாகுது. மேல டெல்லில எஞ்சினியர்-இன்-சீஃப், கீழ வர வர சீஃப் எஞ்சினியர், சி.டபிள்யூ.இ (கமாண்டர் வொர்க்ஸ் எஞ்சினியர்), ஜி.இ (கேரிசன் எஞ்சினியர்), ஏ.ஜி.இ (அவரோட அசிஸ்டென்ட்), கடைசில நம்ம வீட்டுக் கதவைத் தட்டுற ஜே.இ (ஜூனியர் எஞ்சினியர்) சாப். பில்டிங் பக்கம் பி/ஆர், கரண்ட் மோட்டார் பக்கம் இ/எம். குடும்பத்தோட இருக்கறவங்களுக்கு இந்த ரெண்டு ஜே.இ-யும் ஒரு கம்ப்ளெய்ண்ட் புக்கும்தான் எம்.இ.எஸ்.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன், ஏன்னா அது நிஜம். என் முதல் வீடு பழைய ஓ.ஆர் (சாதாரண ஜவான்களுக்கான) குவார்ட்டர்ஸ், ஒரு ரூம், ஒரு சின்ன சமையல் இடம், பாத்ரூம் பின்னாடி முற்றத்தைத் தாண்டி. டிசம்பர் குளிர்ல கைக்குழந்தையை வச்சுக்கிட்டு எங்க வீட்ல ராத்திரி அந்த முற்றத்தைத் தாண்டிப் போனதை நினைச்சா இன்னும் மனசு கஷ்டமா இருக்கும். 2002-ல மேரீட் அக்காமடேஷன் ப்ராஜெக்ட்னு பெருசா ஆரம்பிச்சாங்க, மூணு சர்வீஸுக்கும் சேர்த்து கிட்டத்தட்ட 2 லட்சம் வீடு கட்டறதா ப்ளான், சொன்ன நேரத்துக்கு முடியல, வருஷக்கணக்கா இழுத்துச்சு, ஆனா எனக்கு 2011-ல அந்த மாதிரி புது ப்ளாக்ல வீடு கிடைச்சப்ப ரெண்டு பெட்ரூம், உள்ளயே பாத்ரூம், சமையல்கட்டுல மேடை. எங்க வீட்ல அன்னிக்கு ஊருக்கு போன் பண்ணி அவங்க அம்மாகிட்ட அரை மணி நேரம் சமையல்கட்டைப் பத்தியே பேசினாங்க. அந்தப் பணம் வீண்னு யார் சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்.

இப்ப ஒழுகின வீட்டுக்கு வர்றேன். 2014-ல மத்திய இந்தியா பக்கம் ஒரு பெரிய கன்டோன்மென்ட்டுக்கு போஸ்டிங், ஸ்டேஷன் பேரு வேண்டாம். எங்களுக்குக் கிடைச்சது மூணு மாடி ப்ளாக்ல மேல் மாடி. ஜூலை முதல் மழையிலயே பெட்ரூம் தளம் ஒழுக ஆரம்பிச்சுது, செவுத்துல ஓதம் ஏறி பெயிண்ட் பொரிஞ்சு பொரிஞ்சு விழுது, பொண்ணுக்கு மூச்சுத்திணறல் வேற. கம்ப்ளெய்ண்ட் புக்ல எழுதினேன். ஜே.இ சாப் நல்ல மனுஷன், வந்து பார்த்தாரு, மாடி ஏறினாரு, "வாட்டர் ப்ரூஃபிங் போயிடுச்சு, ஸ்பெஷல் ரிப்பேர்ல போடணும், ஃபண்ட் வரணும்"னாரு. ரெண்டு மழைக்காலம் சமையல் பாத்திரத்தைத் தரையில வச்சே தள்ளினோம். 2016 பிப்ரவரில ஆளுங்க வந்தாங்க, பழைய ஷீட்டைப் பிச்சாங்க, புதுசா தார் ஷீட் ஒட்டினாங்க, மார்ச்ல கிளம்பிட்டாங்க. ஜூலைல மறுபடியும் ஒழுகுச்சு.

கீழ் வீட்ல இருந்த ஹவில்தாரோட அம்மா, பழைய ஆளு, பையனோட அந்த ஸ்டேஷனுக்கே ரெண்டாவது தடவையா வந்திருந்தாங்க, அவங்கதான் சொன்னாங்க, இதே மாடில நாலு வருஷம் முன்னாடியும் இதே மாதிரி ஷீட் ஒட்டினாங்கப்பான்னு. அதுல இருந்துதான் எனக்கு உறுத்த ஆரம்பிச்சுது.

சர்வீஸ்ல இருக்கறவன் நான் ஆர்.டி.ஐ போட்டா சரி வராதுன்னு எங்க வீட்ல தன் பேர்ல போட்டாங்க. அவங்க பி.காம். 10 ரூபா போஸ்டல் ஆர்டர், பக்கத்துக்கு 2 ரூபா. கேட்டது மூணே மூணு: அந்த ப்ளாக்குல கடைசி ரெண்டு தடவை வாட்டர் ப்ரூஃபிங் பண்ணின கான்ட்ராக்ட் அக்ரிமென்ட்ல சம்பந்தப்பட்ட பக்கம், மெஷர்மென்ட் புக் காப்பி, வேலை முடிஞ்ச சர்ட்டிஃபிகேட். முதல்ல செக்யூரிட்டி காரணம்னு மறுத்தாங்க, அப்பீல் பண்ணோம், மொட்டை மாடில என்ன செக்யூரிட்டி ரகசியம் இருக்குன்னு ரெண்டே வரில எழுதினாங்க, காப்பி வந்துச்சு.

அந்தப் பேப்பரை டைனிங் டேபிள்ல விரிச்சு வச்சுக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் ராத்திரி 1 மணி வரைக்கும் பார்த்தோம். முதல் கான்ட்ராக்ட் 2012 மார்ச்ல முடிஞ்சிருக்கு. அதுல வாட்டர் ப்ரூஃபிங்குக்கு 10 வருஷம் கேரண்ட்டின்னு தெளிவா எழுதியிருக்கு. 2022 வரைக்கும் ஒழுகினா பழைய கான்ட்ராக்டர் சொந்தக் காசுல சரி பண்ணித் தரணும். அப்ப 2016-ல எதுக்குப் புது சாங்ஷன், புது டெண்டர், புது பில்?

நான் இதை ரொம்ப நாள் திருட்டுன்னுதான் நினைச்சேன். சில இடத்துல அப்படியும் இருக்கலாம். ஆனா இந்தக் கேஸ்ல விசாரிக்க விசாரிக்க வேற ஒண்ணு புரிஞ்சுது. 2012-ல இருந்த ஜே.இ மாறிட்டாரு, ஏ.ஜி.இ மாறிட்டாரு, ஜி.இ ரெண்டு பேர் மாறியாச்சு, மேல் மாடில குடியிருந்த குடும்பம் மூணு மாறியாச்சு. எல்லாரும் ரெண்டு மூணு வருஷத்துல போஸ்டிங்ல கிளம்பறவங்க. அந்த 10 வருஷ கேரண்ட்டியை ஞாபகம் வச்சுக்க அந்த ஸ்டேஷன்ல ஒரு ஆள் கிடையாது. ஃபைல் ரெக்கார்டு ரூம்ல கட்டுக்குள்ள இருக்கு, தளம் ஒழுகுதுன்னு கம்ப்ளெய்ண்ட் வந்தா அந்தக் கட்டைப் பிரிச்சுப் பார்க்கணும்னு யாருக்கும் தோணல.

செக் பண்ண ஆளே இல்லையான்னா, எக்கச்சக்கமா இருக்காங்க. ஜே.இ அளந்து மெஷர்மென்ட் புக்ல எழுதுவாரு, மேல இருக்கறவங்க டெஸ்ட் செக் பண்ணுவாங்க, சர்வேயர் பக்கம் ரேட் சரியான்னு பார்ப்பாங்க, ஜி.இ ஆபீஸ்லயே டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட் ஆளு உக்காந்து பில்லை முன்கூட்டியே பார்ப்பாரு, அப்புறம் லோக்கல் ஆடிட், அதுக்கும் மேல நாட்டோட தலைமைத் தணிக்கை அதிகாரியான சி.ஏ.ஜி, அவங்க ரிப்போர்ட் பார்லிமென்ட்டுக்குப் போய் பப்ளிக் அக்கவுண்ட்ஸ் கமிட்டி கூட கூப்பிட்டுக் கேக்கும், விஜிலன்ஸ் கமிஷன்ல டெக்னிக்கல் எக்ஸாமினர்னு தனியா ஒரு பிரிவு. இத்தனை பேரும் பார்க்கறது அந்த ஒரு கான்ட்ராக்டோட பேப்பரைத்தான். அளவு சரி, ரேட் சரி, கையெழுத்து சரி. இதே மாடிக்கு இதே வேலைக்கு முன்னாடி ஒரு தடவை காசு குடுத்தோமேன்னு கேக்கற கட்டம் எந்த ஃபார்ம்லயும் நான் பார்க்கல.

என் மச்சான் நம்ம ஊர் பக்கமே சின்ன எம்.இ.எஸ் கான்ட்ராக்டர், பெயிண்டிங், பிளம்பிங் மாதிரி டேர்ம் கான்ட்ராக்ட் எடுப்பான். அவன்கிட்ட இதைச் சொன்னப்ப அவன் பக்கத்தையும் சொன்னான், அதையும் மறைக்கக் கூடாது. "மாமா, எம்.இ.எஸ் ரேட் புக்கான ஸ்டாண்டர்ட் ஷெட்யூல் ரேட்டுக்கு மேல இத்தனை பர்சன்ட், கீழ இத்தனை பர்சன்ட்னுதான் கோட் பண்றோம், யார் கம்மியோ அவனுக்குத்தான் வேலை, ஒருத்தன் 30 பர்சன்ட் கீழ போட்டுட்டா அவன் எங்க இருந்து நல்ல ஷீட் வாங்குவான், ப்ரைமர் அடிக்காம ஒட்டிட்டுப் போவான்"ங்கறான். 2021 அக்டோபர்ல நிதி அமைச்சகம் புது விதி போட்டுச்சு, வேலை நடக்கும்போதே போடற ரன்னிங் பில் குடுத்தா 10 வேலை நாளுக்குள்ள 75 சதவீதம் குடுத்துடணும், கம்மி ரேட் மட்டும் பார்க்காம தரத்துக்கும் மார்க் போட்டு டெண்டர் முடிவு பண்ணலாம்னு. விதி நல்ல விதி. அவனுக்கு பில் இன்னமும் லேட்டாத்தான் வருது.

மார்ச் மாசத்தைப் பத்தியும் சொல்லணும். ரெண்டு கான்ட்ராக்டும் மார்ச்ல முடிஞ்சதைக் கவனிச்சீங்களா. ஃபண்ட் லாப்ஸ் ஆகிடும்னு வருஷக் கடைசில அவசர அவசரமா செலவு பண்றது தப்புன்னு மத்திய அரசோட செலவு விதியான ஜெனரல் ஃபினான்ஷியல் ரூல்ஸ் 62(3)-லயே இருக்கு, கடைசி மூணு மாசத்துல 33 சதவீதம், மார்ச்ல 15 சதவீதத்துக்கு மேல போகக் கூடாதுன்னு கட்டுப்பாடும் இருக்கு. ஆனா எங்க மாடியில மார்ச் 31-க்குள்ள முடிக்கணும்னு ராத்திரி லைட் போட்டு ஷீட் ஒட்டினதை நானே பார்த்தேன். தண்ணி தேக்கி வச்சு ஒழுகுதான்னு பார்க்கணும், பார்க்கவே இல்ல. அந்த டெஸ்ட்டுக்கு ரெண்டு மூணு நாள் போதும், அதுக்குக்கூட நேரம் இல்லாம லட்சக்கணக்குல பில் போச்சு.

ஆர்.டி.ஐ-ல வந்த பேப்பரை வச்சு நாங்க ஒரு பெட்டிஷன் குடுத்தோம். அதுல என்ன ஆச்சுன்னா, ரெண்டாவது கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு எங்க ப்ளாக்கையும் பக்கத்து ப்ளாக்கையும் அவர் செலவுலயே மறுபடி பண்ண வச்சாங்க. இந்த தடவை ரெண்டு நாள் தண்ணி தேக்கிப் பார்த்தாங்க, எங்க வீட்ல பக்கத்துலயே நின்னு பார்த்தாங்க. 2012 பணத்தைப் பத்தி "நோட் பண்ணப்பட்டது"ன்னு ஒரு லெட்டர் வந்துச்சு. அவ்வளவுதான். 2017-ல எனக்கு போஸ்டிங் வந்துடுச்சு.

கடைசி ஸ்டேஷன்ல இன்னொரு மாற்றத்தைப் பார்த்தேன். முன்னாடி எல்லாம் ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் எம்.இ.எஸ்-ல மேட் (ஹெல்ப்பர்), வால்வ்மேன், எஃப்.ஜி.எம் (ஃபிட்டர்)னு நிரந்தர சிவிலியன் ஆளுங்க 25, 30 வருஷம் அதே இடத்துல இருப்பாங்க. எந்த பைப் எங்க புதைஞ்சிருக்கு, எந்த வால்வைத் திருப்பினா எந்த ப்ளாக்குக்குத் தண்ணி நிக்கும்னு அவங்களுக்கு மனப்பாடம். 2020 மே மாசம், ராணுவச் செலவைச் சீர்படுத்த அரசு போட்ட ஷெகத்கர் கமிட்டி சிபாரிசுப்படி எம்.இ.எஸ்-ல 9,304 போஸ்ட்டை எடுத்துட்டாங்க, வேலையை அவுட்சோர்ஸ் பண்ணலாம்னு. செலவு குறையும்ங்கற கணக்கு எனக்குப் புரியுது, அதுல நிறைய காலியா கிடந்த போஸ்ட்தான். ஆனா அந்த ஸ்டேஷன்ல வயசான வால்வ்மேன் ஒருத்தர் ரிட்டயர் ஆன வாரத்துல பைப் உடைஞ்சு, கான்ட்ராக்ட் பையன் வால்வைத் தேடி மூணு இடத்துல ரோட்டைத் தோண்டினான். ஸ்டேஷன்ல ஞாபகம்னு இருந்தது அந்த மாதிரி ஆளுங்கதான், அதுக்குப் பதிலா என்ன வைக்கறோம்னு யோசிக்காம எடுத்துட்டாங்கன்னு எனக்கு வருத்தம்.

2021-ல எம்.இ.எஸ்ஸுக்கு வெப்ல ப்ராஜெக்ட் மானிட்டரிங் போர்ட்டல் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. வேலை ஆரம்பத்துல இருந்து முடியற வரைக்கும் அதுல பார்க்கலாம். நான் அதை வரவேற்கறேன். நான் கேக்கறது முடிஞ்சதுக்கு அப்புறம் உள்ள 10 வருஷம். ஒவ்வொரு ப்ளாக் நம்பருக்கும் என்ன வேலை, எந்த கான்ட்ராக்ட், எப்ப முடிஞ்சுது, கேரண்ட்டி எது வரைக்கும்னு போட்டு, புது சாங்ஷன் கேக்கும்போது கேரண்ட்டி பாக்கி இருந்தா அங்கயே நிறுத்தணும். போர்ட்டல்ல முடியலன்னா மாடிப்படி கீழ செவுத்துல பெயிண்ட்ல நாலு வரி எழுதினா போதும், மொத்த செலவு ஒரு டப்பா பெயிண்ட்.

இப்ப குவார்ட்டர்ஸ்ல இருக்கற தம்பிங்களுக்கு, மார்ச்சிங்-இன் அன்னிக்கு, அதாவது வீட்டை ஒப்படைக்கும்போது, ஃபேன், டியூப்லைட் எண்ணிக் கையெழுத்துப் போடறதோட நிறுத்தாதீங்க, மாடி, பாத்ரூம், டேங்க் கடைசியா எப்ப ரிப்பேர் ஆச்சுன்னு ஜே.இ-கிட்ட கேட்டு நோட்ல எழுதி வைங்க. கம்ப்ளெய்ண்ட் புக்ல வேலை முடியாம முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போடாதீங்க, அவசரம்னு வந்து நிப்பாங்க, அப்பவும் போடாதீங்க. தேவைப்பட்டா ஆர்.டி.ஐ சட்டம் 2(ஜே) படி வேலையை நேர்ல பார்க்கவும் சாம்பிள் கேக்கவும் உரிமை இருக்கு, ரெக்கார்டு பார்க்க முதல் ஒரு மணி நேரம் ஃப்ரீ.

2017-ல அந்த வீட்டை விட்டுக் கிளம்பறப்ப எங்க வீட்ல ஒரு பேப்பர்ல ரெண்டு கான்ட்ராக்ட் நம்பரும், மறுபடி பண்ணின தேதியும், கேரண்ட்டி 2026 மார்ச் வரைன்னும் ஹிந்தில எழுதி சமையல்கட்டு கப்போர்டு கதவுக்கு உள்பக்கம் ஒட்டிட்டு வந்தாங்க, கீழ எங்க போன் நம்பரும். போன வருஷம் ஜூலைல நாயக் ரேங்க்ல இருக்கற ஒருத்தரோட வீட்டம்மா போன் பண்ணாங்க, இப்ப அந்த வீட்ல அவங்கதான் இருக்காங்களாம். ஹால் பக்கம் லேசா ஒழுகுது, பேப்பர்ல ஒரு நம்பர் அழிஞ்சிருக்கு, அது 7-ஆ 1-ஆன்னு கேட்டாங்க. எங்க வீட்ல பீரோவைத் திறந்து பழைய காப்பியை எடுத்துப் பார்த்து 7-ன்னு சொன்னாங்க.