85,000 ரூபாய் போச்சு: கடைக்கு இணையத்தளம் செய்யக் கொடுப்பவர்கள் வாசிக்கவும்

என் கடைக்கு இணையத்தளம் செய்த தம்பி நேற்று இரவுதான் என் நம்பரை பிளாக் செய்தார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 85,000 ரூபாய். இந்தத் தொகையைத் திரும்பத் திரும்பச் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எதையெல்லாம் பார்த்து ஆள் பிடிக்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் எனக்கு ஒரு சின்னச் சேலைக்கடை. தீபாவளி வியாபாரத்துக்கு முன் இணையத்தளம் வேண்டும் என்று, வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு தளத்தில் தேடினேன். தமிழ்ப் பிள்ளை, ஐந்து நட்சத்திரம். முற்பணம் 50,000 கொடுத்தேன்.

வேலை முடிந்தது என்று பம்பலப்பிட்டியில் ஒரு தேநீர்க் கடைக்கு வரச் சொன்னார். லப்டொப்பைத் திறந்து முகப்பு, பட்டு, பருத்தி, தொடர்பு என்று ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். எல்லாம் பட்பட்டென்று திறந்தன. "அக்கா, என்ர சொந்தக் கடை மாதிரி நினைச்சுச் செய்தனான்" என்றார். அங்கேதான் விழுந்தேன். மிச்சம் 35,000ஐ அந்த மேசையிலேயே போனில் அனுப்பினேன். அதே போனில் தளத்தையும் ஒரு தடவை திறந்து பார்க்கலாம் என்ற புத்தி வரவில்லை. தேநீர்க் காசும் நான்தான் கொடுத்தேன்!

அடுத்த நாள் என் போனில் பார்த்தால் வெள்ளைத் தாளில் எழுத்து மட்டும். நிறம் இல்லை, படம் இல்லை. எதைத் தட்டினாலும் இணைக்க முடியவில்லை என்று வந்தது. மேலே முகவரியில் 127.0.0.1:8000.

தம்பிக்கு எழுதினேன். "கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்கோ அக்கா." போனில் சேர்ந்திருந்த பழைய பிரதிகளை அழித்தேன். "உங்கட போன் பழசு." கடைப் பிள்ளையின் புதுப் போனிலும் அதேதான். "ஹோஸ்டிங்காரன்ர பிழை." (தளத்தை இணையத்தில் வைக்க இடம் தருபவர்தான் ஹோஸ்டிங்காரன்.) அப்புறம் இரண்டு நாள் நீல டிக் மட்டும். நான்காம் நாள், "எல்லாம் சரி பண்ணிட்டன்."

முகப்பு உண்மையிலேயே அழகாக வந்தது. பட்டுச் சேலைப் பக்கத்துக்குப் போனேன், திரும்பவும் வெள்ளைத் தாள். அங்கிருந்து 'தொடர்பு' தட்டினால் அப்படி ஒரு பக்கமே இல்லையாம்.

கணினி படிக்கும் என் மருமகன் பார்த்துவிட்டுச் சிரித்தான். 127.0.0.1 என்றால் அவரவர் கருவியே தானாம். அந்தத் தம்பியின் லப்டொப்பில் திறந்தது என் போனில் எப்படித் திறக்கும்? படம், பக்கம் எல்லாவற்றின் முகவரியிலும் முன்னால் அதைத்தான் எழுதி வைத்திருந்தாராம். புகார் சொன்னதும் அதை மட்டும் வெட்டிவிட்டு, லோகோப் படத்துக்கு 'ஸ்டாட்டிக்/லோகோ' என்கிற மாதிரி மொட்டையாக விட்டிருக்கிறார். முன்னால் சாய்கோடு இல்லாவிட்டால் பிரவுசர் தான் நிற்கும் பக்கத்திலிருந்தே தேடும். முகப்பில் நின்றால் சரி. சேலைப் பக்கத்தில் நின்றால் 'சேலை/ஸ்டாட்டிக்/லோகோ' என்று இல்லாத இடத்துக்குப் போகும். "இடப்பக்கம் திரும்பினால் மூன்றாவது கடை" என்று வழி சொல்வது மாதிரி. காலி றோட்டில் நிற்பவருக்குச் சரி, ஹெவ்லொக் றோட்டில் நிற்பவர் எங்கே போவார்?

பக்கங்களின் தலைப்பகுதி ஒரே டெம்ப்ளேட் (அச்சு மாதிரி) கோப்பிலிருந்து எல்லாப் பக்கத்துக்கும் போகிறதாம். அதனால் பிழையும் எல்லாப் பக்கத்திலும். தளம் கட்ட உதவும் ஜாங்கோ என்ற மென்பொருளில் படத்துக்கு 'ஸ்டாட்டிக்', பக்கத்துக்கு 'யூஆர்எல்' என்ற டேக் (குறிச்சொல்) போட்டால் சரியான முகவரியை அதுவே எழுதிக்கொள்ளும். லாரவெல், பிளாஸ்க் என்று அது மாதிரியான மற்றவற்றிலும் இதற்கு வழி இருக்கிறதாம். "இது தொடக்கப் பாடம் மாமி" என்றான். தொடக்கப் பாடத்துக்கு நான் கொடுத்தது 85,000 ரூபாய்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். "அது எக்ஸ்ட்ரா வேலை, இன்னும் 25,000 ஆகும்" என்றார். நான் கத்தினேன். பிளாக். ஆள் பிடித்துத் தந்த தளத்துக்கு எழுதினால், காசு எங்கள் வழியாக வரவில்லை, நாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டு வரிப் பதில்.

சரி, சொன்ன அறிவுரை. மிச்சக் காசு கொடுக்குமுன் உங்கள் போனில், உள்ளே இரண்டு மூன்று பக்கம் தள்ளிப் போய்ப் பாருங்கள். ஆள் பிடித்துத் தரும் தளத்துக்கு வெளியே காசு அனுப்பாதீர்கள். ஹோஸ்டிங் உங்கள் பெயரில் இருக்கட்டும். எனக்குக் கோப்புகளாவது மிஞ்சியது அதனால்தான். வேறும் யோசித்து வைத்திருந்தேன், இப்போது வருகுதில்லை. மருமகன் உள்ளே டெம்ப்ளேட்டுகளைத் திருத்திக்கொண்டிருக்கிறான், அவனுக்குச் சாப்பாடு போட வேண்டும்.